கால் பெருவிரல்

ஊருக்கு வந்து மூன்று நாளாகியும் ததேயுஸ் தங்கச்சி வீட்டுப் பக்கம் போகவில்லை. தங்கச்சி பேபியின் வீடு கண்காணாத தேசத்தில் ஒன்றும் இல்லை. அவன் வீட்டிலிருந்து எட்டு வீடு தள்ளி, குளச்சல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. எட்டு வீட்டைக் கடக்க மூன்று நாள் எடுக்கிறவனை ஊர் சும்மா விடுமா? மாலத்தீவிலிருந்து குளச்சலுக்கு வழி தெரிந்தவனுக்கு மச்சினன் வீட்டுக்கு வழி தெரியவில்லையாம் என்று குழாயடியில் பேசிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்த வீட்டுக்குள் கட்டிலில் கிடக்கிறவனை அங்கே கொண்டு கிடத்தியது யார் என்று ஊருக்குத் தெரியாது. ததேயுஸுக்குத் தெரியும்.

கிடக்கிறவன் பேபியின் கணவன் சிலுவைதாசன். பேபியைக் கட்டுவதற்கு வெகு முன்னாலேயே அவன் ததேயுஸின் சிப்பிக் கூட்டாளி. குளச்சலில் சிப்பிக்கு முங்குகிறவர்கள் இரண்டு பேராகத்தான் போவார்கள். லாரி டியூபைப் போட்டுப் பாறைக்கு நீந்திப் போனால், ஒருவன் கையில் உளியும் இடுப்பில் வலைப்பையுமாக முங்குவான், மற்றவன் டியூபைப் பிடித்துக்கொண்டு மேலே கிடப்பான். இந்த இரண்டு பேருக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கீழே போகிறவன் மூச்சை அடக்குகிற நொடியில் மேலே கிடக்கிறவனும் அடக்குவான். இனி முடியாது என்று இவன் வாயைத் திறப்பதற்குள் அவன் தலை வெளியே தெரியவேண்டும். தெரியாவிட்டால் இவன் குதித்துவிடுவான். கடிகாரம் கட்டிக்கொண்டு எவன் முங்குகிறான்? ஒருவனுடைய மூச்சுதான் மற்றவனுக்குக் கடிகாரம். சுனாமி வந்த வருடம் கடலைப் பார்க்கவே பிடிக்காமல் கிடந்த சில மாதங்களைத் தள்ளினால், பன்னிரண்டு வருடம் இப்படித்தான் பிழைத்தார்கள்.

2010இல் ததேயுஸ் மாலத்தீவுக்குப் போனான். சஃபாரி போட் என்று அங்கே சொல்லுவார்கள். மூன்று மாடி வைத்த வெள்ளை வெளேரென்ற கப்பல். இருபது வெள்ளைக்காரர்கள் ஏறி ஒரு வாரம் அதிலேயே தின்று, அதிலேயே தூங்கி, ஆளில்லாத தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளில் நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை முங்குவார்கள். எதற்கு? மீன் பார்க்க. பிடிப்பதற்கில்லை, தின்பதற்கில்லை, பார்ப்பதற்கு. பார்த்துவிட்டு ஏறி வந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். முதல் வாரம் ததேயுஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மீனைப் பார்க்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிற ஊர் இருக்கிறது என்று போனில் சொன்னபோது, நீ வெயிலில் கிறுக்குப் பிடித்து உளறுகிறாய் என்று சிலுவைதாசன் போனை வைத்துவிட்டான்.

பெரிய கப்பலின் கூடவே ஒரு சிறிய மரக்கலம் போகும். அதை அங்கேயும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். முங்குகிறவர்கள் முதுகில் கட்டுகிற டாங்குகளும், அவற்றில் காற்று நிரப்புகிற கம்ப்ரசரும் தோணியில் இருக்கும். ததேயுஸுக்கு டாங்கு நிரப்புகிற வேலை, ஆள் குறைந்தால் முங்கவும் செய்வான். இரண்டு வருடம் கழித்து, முங்கத் தெரிந்த ஆள் இன்னொருவன் வேண்டும் என்று கேப்டன் கேட்டபோது அவன் வாயில் வேறு எந்தப் பெயரும் வரவில்லை. பேபி வேண்டாம் என்றாள். ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழத்தில் பாறையைச் சுரண்டுகிறவனுக்கு அங்கே ராஜபோகம் என்று ததேயுஸ் சத்தியம் செய்தான். சிலுவைதாசன் போனான்.

அவனுக்குக் கொக்கி வேலை. விருந்தாளிகள் இறங்குவதற்கு முன்னால் கீழே போய்ப் பாறை இடுக்கில் கொக்கியை மாட்டிக் கயிற்றைக் கட்டவேண்டும். அவர்கள் ஏறிய பிறகு போய்க் கழற்றவேண்டும். டாங்கு கட்டி முங்குகிறவனுக்கு முதல் சட்டம் ஒன்றே ஒன்று: மூச்சை அடக்காதே. ஏறும்போது அடக்கவே அடக்காதே. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். வாயைப் பூட்டினால் உள்ளே கிழித்துக்கொண்டு போகும். சிப்பிக்காரனுக்கோ சட்டம் நேர் எதிர். மேலே இழுத்த ஒரே மூச்சோடு போகிறவன் அவன். அதை விட்டான் என்றால் செத்தான்.

கப்பலில் முங்குவதற்கு மேற்பார்வை பார்க்கிற இத்தாலிக்காரி இந்தச் சட்டத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். சிலுவைதாசனுக்கு அதைத் தமிழில் சொன்னது ததேயுஸ். சொன்னது சரியாகத்தான் சொன்னான். அதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதைக்கு அவசியம் இல்லை. அவன் கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தான்:

"அது வெள்ளக்காரனுக்கு உள்ள சட்டம் மக்கா. நமக்கு ஏறும்போ மட்டும் விட்டா மதி."

ஏறும்போது விட்டால் போதுமாம். ஏன் சொன்னான்? பவிசு, வேறென்ன. டாங்கில் காற்று இருநூறு என்று முள் காட்டும்போது இறங்குகிறவர்கள் ஐம்பதில் ஏறி வருவார்கள். மூச்சை இழுத்து இழுத்து வைத்துக்கொள்கிற குளச்சல்காரர்கள் நூற்று இருபதில் வந்தார்கள். கேப்டன் முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். எங்கள் ஊரில் மீன் கூட எங்களைப் பார்த்து மூச்சடக்கப் படிக்கும் என்று ததேயுஸ் அளந்தான். யாருடைய டாங்கில் காற்று கூட மிச்சம் என்று இரண்டு பேருக்கும் தினமும் பந்தயம் நடந்தது.

2014 பிப்ரவரியில், தெற்கே வெகுதூரத்தில் ஒரு பாறையில், அன்றைக்கு நான்காவது தடவையாகச் சிலுவைதாசன் கொக்கி கழற்றப் போனான். நீரோட்டம் இழுத்த இழுப்பில் கொக்கி இறுகிக் கிடந்தது. பதினாறு பாகம் ஆழம். மல்லுக்கட்டிக் கழற்றியதும் கயிறு விர்ரென்று மேலே போக, அவனும் அதன் பின்னாலேயே பாய்ந்து ஏறினான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? தலைக்கு மேலே வெளிச்சம் கண்டதும் குளச்சல் பாறையில் மூடிக்கொள்கிற மாதிரி வாய் தன்னால் மூடிக்கொண்டது. ததேயுஸ் அப்போது கம்ப்ரசர் சத்தத்துக்குக் காதை அடைத்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். டாங்கு கட்டினவனுக்கு மேலே ஒருவன் மூச்சுப் பிடித்து நிற்பது எதற்கு என்று அந்தப் பழக்கத்தையும் எப்போதோ விட்டாயிற்று.

சிலுவைதாசன் ஏணியில் ஏறி வந்தான். முள்ளைத் தூக்கிக் காட்டினான். நூற்று முப்பது. "தோத்தியால?" என்று சிரித்தான். சிரித்தபடியே இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாதவன் போல டாங்கோடு பலகையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

இப்படி ஆகிறவர்களைக் காற்று அழுத்தம் கூட்டிய அறைக்குள் மணிக்கணக்கில் படுக்க வைத்தால் பிழைப்பு உண்டு. அந்த அறை இருந்த தீவு ஒரு இரவும் ஒரு பகலும் தள்ளி இருந்தது. இருட்டிய பிறகு விமானம் எடுக்க மாட்டார்கள், கடலும் சரியில்லை. கொண்டு சேர்த்தபோது டாக்டர் கையை விரித்தார். ததேயுஸ் மச்சினனைத் திருவனந்தபுரம் விமானத்தில் ஏற்றி விட்டதோடு சரி. அந்த வருடம் மே மாதம் விடுமுறைக்குக் கூட ஊருக்கு வராமல், கப்பலுக்குச் சாயம் அடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே கிடந்தான். இந்த மே மாதம் சாயம் அடிக்கவும் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வந்தான்.

நான்காம் நாள் காலையில் அந்தப் படியேறினான். பேபி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு வழிவிட்டு ஒதுங்கினாள். உள்ளே திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே கட்டில். சிலுவைதாசனுக்கு மார்பும் தோளும் பழைய மாதிரியே இருந்தன. போர்வைக்குக் கீழே இரண்டு காலும் பத்து வயதுப் பையனுடைய கால்கள்.

"வந்தியா?" என்றான். அவ்வளவுதான். ஏன் வரவில்லை, எங்கே போனாய், ஒரு கேள்வியும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ததேயுஸ் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பான். அந்தக் கொடுப்பினையும் அவனுக்கு இல்லை.

அப்போது பேபி வந்து போர்வையின் கீழ்ப்பக்கத்தை விலக்கினாள். சிலுவைதாசன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனுடைய வலது கால் பெருவிரலில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, கிள்ளினேன் என்றாள். சின்னதாய்த் தெரிந்தது, நேற்றைவிடப் பரவாயில்லை என்று சிலுவைதாசன் சொன்னான். அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டுக் கஞ்சி எடுக்கப் போனாள். பதினைந்து மாதமாக அந்த வீட்டில் காலை ஜெபத்துக்கு அடுத்து நடப்பது இதுதான்.

அவள் அந்தப் பக்கம் போனதும் சிலுவைதாசன் ததேயுஸின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தான். பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியது.

"எனக்க முதுகுக்குள்ள ஒரு காத்துக் குமிழி இருக்குலே. கீழ போனா அது அமுங்கும். இபுராகிமுக்கு அமுங்கல்லியா? என்னை ஒருக்கா முங்க விடு."

இபுராகிம் தோணி ஓட்டுகிற மாலத்தீவுக்காரன். ஒரு தடவை முங்கி வந்ததும் தோள்பட்டையில் குத்தி வலிக்கிறது என்று துடித்தான். இத்தாலிக்காரி பார்க்காத நேரத்தில் இன்னொரு டாங்கைக் கட்டிக்கொண்டு நாலு பாகம் ஆழத்தில் போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து ஏறி வந்தான். வலி போய்விட்டது. அதை இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்கள். கட்டிலில் கிடந்த பதினைந்து மாதமும் சிலுவைதாசன் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். டாக்டர்கள் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. டாக்டர் முங்கினவனா, இபுராகிம் முங்கினவனா?

ததேயுஸ் இதை முன்னாலேயே விசாரித்து வைத்திருந்தான் என்பதுதான் கொடுமை. இத்தாலிக்காரியிடம் கேட்டாயிற்று. சில மணி நேரத்துக்குள் என்றால் ஏதோ ஒரு வாய்ப்பு, அதுவும் ஆபத்து என்று அவள் சொன்னாள். மறுநாள் என்றால் கிடையாது. குழாயில் அடைத்த கல்லை ஒரு வருடம் கழித்து எடுத்து என்ன பயன், செடி அன்றைக்கே பட்டுப்போயிற்று என்று அவனுக்கு விளங்குகிற மாதிரி சொல்லியிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். அதை மச்சினன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக வெளியே வந்தான்.

பேபி அங்கே கட்டில் விரிப்புகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. விரலைக் கிள்ளுவதை ஆறு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். நகம் பட்ட இடம் புண்ணாகி இரண்டு மாதம் ஆறவில்லை. சீழ் பிடித்துக் காலையே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தினார்கள். அதிலிருந்து சும்மா கையை வைத்துவிட்டுக் கிள்ளினேன் என்கிறாள்.

"கிள்ளாமலே தெரியுதுன்னு சொல்லுகாரு அண்ணா. தெனமும் கொஞ்சம் கூடுதலாட்டுத் தெரியுதாம். நான் எங்க போய்ச் சொல்ல?"

முங்கக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று ததேயுஸ் அவளிடமே கேட்டான். ஆண்பிள்ளை தான் எடுக்கவேண்டிய முடிவைத் தங்கச்சி தலையில் வைத்தான். அவள் விரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"கொண்டு போகாண்டாம்னு நான் சொல்லல்ல. ஆனா போய்ட்டு வந்து ஒண்ணும் ஆகல்லன்னு வை. பிறவு அந்த மனுசனுக்கு நினைச்சுக்கிட்டுக் கிடக்க என்ன இருக்கு? இப்பம் அந்த ஒரு நினைப்பிலதான் சோறு இறங்குது."

இதற்கு மேல் யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது. போகாதவரை அவனுக்கு ஒரு வழி பாக்கி இருக்கிறது. போய்வந்தால் அதுவும் இல்லை. ததேயுஸ் அதை நன்றாகப் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டும் மறுநாள் பஸ் ஏறி விழிஞ்ஞத்துக்குப் போனான். மறுக்கிறவனாக அந்தக் கட்டில் பக்கத்தில் போய் நிற்க அவனுக்குத் தெம்பு இல்லை, அதுதான் உண்மை. போதாததற்கு மனதின் ஒரு மூலையில் அவனுக்கும் ஒரு கிறுக்கு ஆசை: இத்தாலிக்காரி என்ன மாதாவா, அவளுக்குத் தெரியாதது ஒன்றாவது இருக்காதா? விழிஞ்ஞத்தில் விசைப்படகுகளின் அடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்டுகிற முத்துநாயகம் என்பவன், பழைய பழக்கத்துக்காக இரண்டு டாங்கும் மற்ற சாமான்களும் ஒரு நாளுக்குத் தந்தான். யாருக்கு என்று கேட்டான். எனக்குத்தான் என்று ததேயுஸ் சொன்னான்.

நாளும் அதிகம் இல்லை. இடவப்பாதி மழை தொடங்கினால் கடல் கலங்கிவிடும். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு யாரும் பாறைப் பக்கம் போக முடியாது. ஏற்கெனவே தெற்கிலிருந்து அலை வரத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் சாப்பாட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, பக்கத்து வீட்டு ராஜமணியின் வள்ளத்தில் சிலுவைதாசனைத் தூக்கி வைத்தார்கள். பேபி கரையில் நின்றாள். அவனைத் துவட்டிவிடக் கையில் ஒரு துவர்த்து. அவள் ஜெபமாலை எடுத்துவரவில்லை என்பதைத் ததேயுஸ் கவனித்தான்.

பழைய சிப்பிப் பாறைக்குப் பக்கத்தில் ராஜமணி எஞ்சினை அணைத்தான். ஆறு பாகம் ஆழம். சிலுவைதாசன் கண்ணாடியில் துப்பித் தேய்த்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். முகத்தைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிறவன்.

"கீழ போய்த் தொடையில தட்டிப் பாக்கேன், என்ன?" என்றான்.

மூச்சு விடு, நான் கையைக் காட்டும்போதெல்லாம் விடு, இந்தத் தடவை என் பேச்சைக் கேள் என்று ததேயுஸ் நாலு தடவை சொன்னான். போன தடவையும் உன் பேச்சைத்தானே கேட்டேன் என்று சிலுவைதாசன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டினான்.

தண்ணீருக்குள் போனதும் அவன் நோயாளி இல்லை. கயிற்றைப் பிடித்து, கையாலேயே சரசரவென்று இறங்கினான். ததேயுஸ்தான் பின்னால் தடுமாறிக்கொண்டு போனான். அடியில் தண்ணீர் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது. பாறை முழுக்கச் சிப்பி. சிலுவைதாசன் பாறையைப் பிடித்து நிமிர்ந்து நின்றான். ஆம், நின்றான், தண்ணீருக்குள் எவனும் நிற்பான். அலை வந்து போகிற போக்கில் அவனுடைய இரண்டு காலும் முன்னே போயின, பின்னே வந்தன, முன்னே போயின.

சிலுவைதாசன் அதைக் குனிந்து பார்த்தான். பிறகு கண்ணாடிக்குள் கண் இரண்டும் பிதுங்க, ததேயுஸைப் பிடித்து உலுக்கிக் காலைக் காட்டினான். பார், பார் என்று விரலை நீட்டி நீட்டிக் காட்டினான். பக்கத்துப் பாறையில் ஒட்டிக்கிடந்த பாசியும் அதே கணக்கில் முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருந்தது. ததேயுஸின் காலும் அப்படித்தான் போய் வந்தது. அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினான். வேறு என்ன செய்வான்? அழுதால் கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் அவன் கண்டுபிடித்தான்.

முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார்கள். இபுராகிம் இருந்த கணக்கு. சிலுவைதாசன் தொடையைத் தட்டினான், முட்டியை மடக்கி விட்டான், பாறையை எட்டி உதைக்கிற மாதிரி இடுப்பை ஆட்டினான். இடையில் பழைய ஞாபகத்தில் நாலு சிப்பியைக் கையாலேயே பிடுங்கி எடுத்து இடுப்பில் செருகினான். பிறகு முள்ளைப் பார்த்தார்கள். ஏற வேண்டிய நேரம்.

ததேயுஸ் அவனைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினான். முகத்துக்கு நேராக முகம். மூன்று பாகம் ஏறியதும் வெளிச்சம் வந்தது. சிலுவைதாசனுடைய வாயிலிருந்து வந்துகொண்டிருந்த குமிழிகள் நின்றன. மூடிவிட்டான். வெளிச்சம் கண்டதும் அந்த நாசமாய்ப்போன வாய் மூடிக்கொண்டது. ததேயுஸ் கையைக் காட்டினான், கன்னத்தைத் தட்டினான். அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ததேயுஸ் கை முட்டியை மடக்கி அவன் வயிற்றில் ஓங்கிக் குத்தினான். குபுக்கென்று காற்று முழுதும் வெளியே வந்தது.

வள்ளத்தில் இழுத்துப் போட்டதும் சிலுவைதாசன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"அண்ணைக்கு நீ கூட வந்து இப்பிடி ஒரு குத்து தந்திருந்தா மதியாயிருந்துது" என்றான். குற்றம் சொல்கிற குரலே இல்லை. அதனால்தான் ததேயுஸால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. அவன் காலடியில், வள்ளத்தின் அடித்தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ராஜமணி எஞ்சினைக் கிளப்பப் போனான். சிலுவைதாசன் அவனைப் பொறுக்கச் சொல்லிவிட்டு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினான்.

"கிள்ளுலே."

ததேயுஸ் வலது கால் பெருவிரலைப் பிடித்தான். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. பேபி சொன்னதெல்லாம், புண்ணும் சீழும் ஆஸ்பத்திரியும், அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் கிள்ளினான். முதலில் மெல்ல. சிலுவைதாசன் முகத்தில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். அழுத்தி முறுக்கினான். மாதாவே, ஒரே ஒரு தடவை, இவன் அலறட்டும், என்னை எட்டி உதைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். நகம் உள்ளே போய் ரத்தம் வந்தது. மூச்சை எப்போது அடக்கினான் என்று அவனுக்கே தெரியாது. நெஞ்சு முட்டிக்கொண்டு வந்தது.

சிலுவைதாசன் கண்ணை மூடியபடியே கிடந்தான்.

"கிள்ளுலே. எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்க?"

ததேயுஸ் வாயைத் திறந்து மூச்சை விட்டான். "கிள்ளிக்கிட்டுத்தாம்லே இருக்கேன்" என்றான்.

சிலுவைதாசன் கண்ணைத் திறந்தான். தலையைத் தூக்கி விரலைப் பார்த்தான், ரத்தத்தைப் பார்த்தான், ததேயுஸின் நகத்தைப் பார்த்தான். தலையைத் திரும்பக் கீழே வைத்துக்கொண்டான். ராஜமணி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

பேபி கிள்ளும்போது தெரிகிறது என்று சொன்னாயே என்று கடைசியில் ததேயுஸ் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"அவ கிள்ளுகதில்லலே. விரலு புண்ணாகுமேன்னு சும்மா கையை வைக்கா. எனக்குத் தெரியாதா? கண்ணு இடுக்கு வழியாட்டுப் பாத்துக்கிட்டுதானே கிடக்கேன்" என்றான் சிலுவைதாசன். "தெரியல்லன்னு சொன்னா அவளுக்கு அந்த ஒரு நாளும் விடியாது. அதான்."

வள்ளம் கரையை நெருங்கும்போது பேபி முட்டளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். அவள் கேட்குமுன் சிலுவைதாசன்தான் முந்திக்கொண்டான். இடுப்பில் செருகியிருந்த நாலு சிப்பியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"தெரிஞ்சுது கேட்டியா. நல்லாட்டே தெரிஞ்சுது" என்றான்.

பேபி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அவள் கணவனுடைய காலைப் பார்த்தாள். பெருவிரலிலிருந்து ரத்தம் வழிந்து வள்ளத்தின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை ஆழத்துக்கு நகம் இறங்கியும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து சிரிக்கிறான் மனிதன். இதற்குமேல் அவளுக்கு யார் என்ன சொல்லவேண்டும்?

அவள் குனிந்து துவர்த்தை அந்தக் காலில் சுற்றினாள். ரத்தம் தெரியாத மாதிரி இரண்டு சுற்று, மூன்று சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினாள். நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நல்லதாச்சு" என்றாள். "நாளைக்குக் காலையிலயும் கிள்ளிப் பாப்போம்."